உரிமையியல் என்ற பெயரில் ஒரு காவல்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா நகருக்குத் தெற்கே, கடற்கழி ஓரமாக ஸ்டீலகூம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள படகுத்துறைக்கு ரயில் தண்டவாளத்தைக் கடந்துதான் போக வேண்டும். சரக்கு ரயில் வந்துவிட்டால் நூறு பெட்டிகளும் போய் முடியும்வரை காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆண்டர்சன் தீவுக்குச் செல்லும் படகுக்காக நாங்கள் குடும்பத்தோடு காத்திருக்கும்போதெல்லாம், எதிரே ஃபிர் மரங்கள் அடர்ந்த இன்னொரு தீவு கண்ணில் படும். அதன் பெயர் மெக்நீல் தீவு. அங்கே நானும் நீங்களும் நினைத்தவுடன் போய்விட முடியாது. 1875 முதல் அது சிறைத் தீவு. 1981 வரை மத்திய அரசின் கையிலும், பிறகு வாஷிங்டன் மாநிலத்தின் கையிலும் இருந்த அந்தச் சிறை 2011இல் மூடப்பட்டது. இருந்தும் ஊழியர்களை ஏற்றிக்கொண்டு தனிப் படகு ஒன்று இன்னும் அங்கே போய் வருகிறது. ஏனெனில் அத்தீவில் மனிதர்கள் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லாருமே பாலியல் குற்றத்துக்காக நீதிமன்றம் விதித்த தண்டனையை அனுபவித்து முடித்தவர்கள்.

அந்த இடத்தின் பெயர் ஸ்பெஷல் கமிட்மென்ட் சென்டர், அதாவது சிறப்புக் காவல் மையம். உள்ளே இருப்பவர்களைக் கைதிகள் என்று அழைப்பதில்லை. ரெசிடென்ட், அதாவது வாசி என்பதே அலுவல் முறைச் சொல். அவர்களை அங்கே வைத்திருக்கும் சட்டமும் குற்றவியல் சட்டம் இல்லை, சிவில் சட்டம். என் அப்பா வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, வாய்க்கால் தண்ணீர் என்று கட்டுக்கட்டாக வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு அவர் நாள்தோறும் போய்வந்த கட்டடத்தின் பலகையில் ‘உரிமையியல் நீதிமன்றம்’ என்று எழுதியிருக்கும். சிவில் என்பதற்குத் தமிழ்நாட்டு நீதித்துறை வைத்த பெயர் அது. தண்டனை முடிந்த ஒருவரைக் கால வரம்பின்றி அடைத்துவைக்கும் ஏற்பாட்டைத் தமிழில் சொல்லப் போனால் ‘உரிமையியல் காவல்’ என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லில் உரிமை யாருடையது என்று நான் யோசிக்கத் தொடங்கியது, பொதுமக்களே வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் ஜூரியில் அமர எனக்கு வந்த ஓர் அழைப்பாணைக்குப் பிறகுதான்.

குடியுரிமை பெற்ற பிறகு எனக்கு வந்த இரண்டாவது அழைப்பாணை அது. திருட்டு வழக்காகவோ விபத்து நஷ்டஈடாகவோ இருக்கும் என்று நினைத்துப் போன என் கையில் பல பக்கக் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ பாலியல் வன்முறை நேர்ந்ததுண்டா, அதை யாரிடமாவது சொன்னீர்களா, சிறுவர்களிடம் தவறாக நடந்துகொண்டவர் மாறக்கூடும் என்று நம்புகிறீர்களா என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண் முதல் பக்கத்திலேயே பேனாவை மூடிவிட்டுச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து அந்தக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு எழுந்து போய் நீதிமன்ற ஊழியரிடம் ஏதோ மெல்லிய குரலில் சொன்னார், திரும்பி வரவில்லை. இந்தக் கட்டுரையில் இனி நான் சொல்லப்போகும் எதைப் படிக்கும்போதும் அந்தப் பெண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அன்று பிற்பகல், ஜூரிகளைத் தேர்ந்தெடுப்பதற்காக வழக்கறிஞர்கள் எங்களைக் கேள்வி கேட்கத் தொடங்கியபோது வழக்கின் தன்மை விளங்கியது. இந்த மாநிலத்தின் சட்டப்படி, ஒருவரை இவ்வாறு காவலில் வைக்க அரசு மூன்று விஷயங்களை நிறுவ வேண்டும். அவர் பாலியல் வன்முறைக் குற்றம் புரிந்தவராக இருக்க வேண்டும். அவருக்கு ‘மனப் பிறழ்ச்சி’ அல்லது ஆளுமைக் கோளாறு இருக்க வேண்டும். அதன் விளைவாக, பாதுகாப்பான இடத்தில் அடைத்துவைக்காவிட்டால் அவர் மறுபடி அப்படிப்பட்ட குற்றத்தில் ஈடுபடும் வாய்ப்பு, ஈடுபடாதிருக்கும் வாய்ப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். பன்னிரண்டு ஜூரிகளும் ஒருமனதாக, நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி இவற்றை ஏற்க வேண்டும். கடைசி நிபந்தனையை அரசுத் தரப்பு வழக்கறிஞர் விளக்கியபோது நான் கையை உயர்த்தினேன். ஐம்பது விழுக்காட்டுக்குச் சற்று மேலே என்பதே ஒரு சந்தேகம்தானே, அந்தச் சந்தேகத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நம்புவது எப்படி என்று கேட்டேன். விதண்டாவாதம் செய்யும் நோக்கம் எனக்கில்லை. உண்மையாகவே குழம்பித்தான் கேட்டேன். அவர் சிரித்தார், நல்ல கேள்வி என்றார், குறித்துக்கொண்டார். மாலையில் என் எண்ணைச் சொல்லி, நன்றி கூறி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீடு திரும்பிய பிறகுதான் இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று படிக்கத் தொடங்கினேன். அது வந்தது என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவிலிருந்து. 1989 மே மாதம், டகோமாவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை ஏர்ல் ஷ்ரைனர் என்பவர் காட்டுப் பகுதிக்குள் கொண்டுபோய்ச் செய்த கொடுமையை இங்கே எழுத விருப்பமில்லை. சிறுவன் உயிர் பிழைத்தான். ஷ்ரைனர் இரண்டு பதின்வயதுப் பெண்களைக் கடத்தித் தாக்கியதற்காகப் பத்து ஆண்டு சிறையில் இருந்து 1987இல் வெளிவந்தவர். சிறையில் இருந்தபோதே, வெளியே போனதும் குழந்தைகளை என்ன செய்யப் போகிறார் என்பதைத் திட்டமாகச் சொல்லியும் எழுதியும் வைத்திருந்தார். அதிகாரிகளுக்கு அது தெரியும். வழக்கமான மனநலச் சட்டத்தின் கீழ் அவரை அடைத்துவைக்க முயன்றும் பார்த்தார்கள்; அண்மைக் காலத்தில் ஆபத்தான செயல் ஏதும் செய்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்டது, சிறைக்குள் இருந்தவர் எதைச் செய்திருக்க முடியும்? தண்டனையோ முடிந்துவிட்டது. கதவைத் திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை.

சிறுவனின் தாயும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு போராட்டம் நடத்தினார்கள். ஆளுநருக்கு மனுவோடு குழந்தைகளின் டென்னிஸ் ஷூக்களையும் அனுப்பச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் ஷூக்கள் மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவுக்கு வந்து குவிந்தன. அந்தக் குவியலைப் பார்த்த எந்த அரசியல்வாதியும் ‘பொறுங்கள், யோசிப்போம்’ என்று சொல்லியிருக்க முடியாது; நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆளுநர் பூத் கார்ட்னர் ஒரு குழுவை அமைத்தார், 1990இல் சட்டம் வந்தது. அதன் மொழியில் இப்படிப்பட்டவர் ‘பிரிடேட்டர்’. பள்ளி விலங்கியல் பாடத்தில் நாம் கொன்றுண்ணி என்று படித்த அதே சொல். நோயாளி என்று சொல்லிச் சிகிச்சைக்கு அனுப்பும் சட்டமே, அதே வரியில் அவரை விலங்கு என்றும் அழைத்துவிடுகிறது.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் கடந்து செல்லும் ஒரு செய்தி உண்டு. ஷ்ரைனர் ஒருபோதும் இந்தச் சட்டத்தின் கீழ் அடைக்கப்படவில்லை. புதிய குற்றத்துக்காகச் சாதாரணக் குற்றவியல் நீதிமன்றம் அவருக்கு 131 ஆண்டு தண்டனை விதித்தது. கைக்குள் இருந்த கருவி அவ்வளவு வலுவானதுதான். முதல் முறை அதைப் பயன்படுத்தவில்லை. இந்தச் சட்டத்துக்கு இன்னொரு பின்னணியும் உண்டு. பரோல் குழுவின் விருப்பப்படி தண்டனைக் காலத்தை நீட்டவும் குறைக்கவும் செய்த பழைய முறையை ஒழித்து, குற்றத்துக்கு இத்தனை மாதம் என்று அட்டவணை போட்ட சீர்திருத்தத்தை 1984இல் இதே மாநிலம் நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தது. நிற வேற்றுமையும் நீதிபதியின் மனநிலையும் தண்டனையைத் தீர்மானிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்த சீர்திருத்தம்தான். ஆனால் ‘இவர் இன்னும் ஆபத்தானவர்’ என்று சொல்லி நிறுத்திவைக்கும் கதவும் அதோடு மூடப்பட்டது. அந்த இடைவெளியை அடைக்க வந்ததே உரிமையியல் காவல். 2001இல் கடுமையான பாலியல் குற்றங்களுக்கு மட்டும், விடுதலைக்கு முன் ஒரு குழு பரிசீலிக்கும் முறையை மாநிலம் மீண்டும் கொண்டுவந்துவிட்டது. இடைவெளி பெரும்பாலும் அடைபட்டது. அதை அடைக்க வந்த சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இன்று இருபது மாநிலங்களிலும் வாஷிங்டன் டிசியிலும் இத்தகைய சட்டம் உண்டு. 2006இல் மத்திய அரசும் தனக்கென ஒன்றைச் செய்துகொண்டது. அரசியல் சாசனக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது கான்சாஸ் மாநிலத்திலிருந்து. லீராய் ஹெண்ட்ரிக்ஸ் என்பவர் 1955 முதல் சிறுவர் சிறுமியரிடம் தவறாக நடந்து, சிறைக்கும் மருத்துவமனைக்கும் போய் வந்துகொண்டிருந்தவர். 1994இல் தண்டனை முடிந்து வெளிவரும் வேளையில் புதிய சட்டம் அவர்மீது பாய்ந்தது. ஜூரியின் முன் அவரே சாட்சி சொன்னார்: மனஅழுத்தம் வரும்போது தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடிவதில்லை, இனி குழந்தைகளைத் தொடமாட்டேன் என்பதற்கு உறுதியான ஒரே வழி, தான் சாவதுதான். இதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை எந்த அரசு வழக்கறிஞரும் எதிர்பார்க்க முடியாது.

1997 ஜூன் 23 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. இது தண்டனையே இல்லை, ஆகவே ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதினார். சிகிச்சையே இல்லாத நோயாக இருந்தாலும், தொற்றுநோயாளியைத் தனிமைப்படுத்துவதுபோல வைத்திருக்கலாம் என்பது அவர் வாதம். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரெயர் கேட்ட கேள்வி எனக்கு அப்பாவின் குமாஸ்தா மூளையை நினைவூட்டியது. இவருக்கு நோய் இருக்கிறது, சிகிச்சை தர முடியும் என்று அரசே சொல்கிறது. அப்படியானால் சிறையில் இருந்த பத்து ஆண்டுகளில் ஏன் தரவில்லை, விடுதலை நெருங்கும் நாளில்தானா நோய் கண்ணுக்குத் தெரிந்தது? நோயைக் கண்டுபிடித்த தேதியைப் பார்த்தாலே மருத்துவரின் நோக்கம் தெரிந்துவிடும் அல்லவா?

மருத்துவர்களுக்கும் இதில் சங்கடம் இருந்தது. 1999இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அமைத்த பணிக்குழுவின் அறிக்கை, இச்சட்டங்கள் மனநல மருத்துவத்தின் நேர்மையின் மீதே நடத்தப்படும் கடுமையான தாக்குதல் என்று சொன்னது. ‘மனப் பிறழ்ச்சி’ என்பது சட்டமன்றம் உருவாக்கிய சொல். எந்த மருத்துவக் கையேட்டிலும் அது நோயின் பெயராக இல்லை. 2001இல் நம் மெக்நீல் தீவு மையத்தைச் சேர்ந்த ஆண்ட்ரே யங் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தனக்குச் சிகிச்சையும் கிடைக்கவில்லை, நடப்பது சிறைவாசத்தைவிடக் கேடாக இருக்கிறது, ஆகவே இது தண்டனைதான் என்பது அவர் முறையீடு. ஒரு சட்டம் உரிமையியல் சட்டம் என்று முடிவாகிவிட்ட பின், தனியொருவருக்கு அது எப்படி நடைமுறைப்படுத்தப்படுகிறது என்பதை வைத்து அதன் தன்மையை மாற்ற முடியாது என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது. பலகையில் ‘மருத்துவமனை’ என்று எழுதியிருந்தால் உள்ளே மருந்து இல்லாவிட்டாலும் அது மருத்துவமனைதான் என்று நான் புரிந்துகொண்டேன். சட்டம் படித்தவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். நியாயத்துக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சிகிச்சை தராததற்காக 1994இலேயே மத்திய மாவட்ட நீதிபதி வில்லியம் டுவையர் அதைச் சரிசெய்யும்படி இந்த மையத்துக்கு ஆணை பிறப்பித்து, பல ஆண்டுகள் விடாமல் கண்காணித்தார்.

அந்தச் சிகிச்சைதான் என்ன? மாத்திரை, ஊசி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆண் ஹார்மோனைக் குறைக்கும் மருந்துகள் சிலருக்குக் கொடுக்கப்படுகின்றன என்றாலும், சிகிச்சையின் பெரும்பகுதி பேச்சுதான். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும் அறையில், ஒருவர் தான் செய்த குற்றத்தை முதல் எண்ணத்திலிருந்து கடைசிச் செயல்வரை கண்ணி கண்ணியாகச் சொல்ல வேண்டும். அன்று காலை யாரோடு சண்டை, எந்தத் தெருவழியாகப் போனார், எதைச் சொல்லித் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார், எந்தக் கண்ணியில் நின்றிருந்தால் சங்கிலி அறுந்திருக்கும். பிறகு வாழ்நாள் முழுவதற்குமான பாலியல் வரலாறு எழுத வேண்டும். வழக்குப் பதியாத குற்றங்கள், மனத்தில் மட்டும் ஓடிய கற்பனைகள் எல்லாவற்றோடும். எழுதியது முழுமைதானா என்று உண்மை கண்டறியும் கருவியில் உட்காரவைத்துச் சோதிப்பார்கள். ஆணுறுப்பில் உணர்கருவியைப் பொருத்தி, ஒலிப்பதிவுகளைக் கேட்கவைத்து எழுச்சியை அளக்கும் சோதனையும் உண்டு.

இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. மனத்தைத் திறக்காமல் இந்தச் சிகிச்சை வேலை செய்யாது. திறந்தால், திறந்ததெல்லாம் கோப்பில் ஏறும். அந்தக் கோப்பு அரசுத் தரப்பு நிபுணரின் மேசைக்குப் போகும். ஆண்டுதோறும் நடக்கும் மறுபரிசீலனையில் ‘இன்னும் இத்தகைய எண்ணங்கள் இருப்பதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்’ என்று வாசிக்கப்படும். வாயைத் திறக்காமல் இருந்தால், ‘சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று வாசிக்கப்படும். இதனால்தான் பல மையங்களில் வழக்கறிஞர்களே தங்கள் கட்சிக்காரர்களிடம் சிகிச்சைக்குப் போகாதீர்கள் என்று சொல்கிறார்கள். கான்சாஸ் சிறையில் இருந்த ராபர்ட் லைல் இதைத்தான் எதிர்த்தார். சிகிச்சையில் சேர வேண்டுமானால் பழைய குற்றங்களை எல்லாம் எழுதித் தர வேண்டும், அதற்காக வழக்குப் போடமாட்டோம் என்ற உறுதி கிடையாது. மறுத்தால் கடுமையான சிறைப்பகுதிக்கு மாற்றம். 2002இல் உச்ச நீதிமன்றம் இதையும் ஐந்துக்கு நான்காக ஏற்றது. பாதிரியாரின் பாவமன்னிப்புக் கூண்டில் காவல்துறையின் ஒலிவாங்கியை வைத்துவிட்டு, ஏன் யாரும் மனந்திரும்ப வருவதில்லை என்று கேட்பதுபோல இருக்கிறது இது.

லைல் வழக்கின் தீர்ப்பில் இன்னொரு வினோதம் ஒளிந்திருக்கிறது. சிகிச்சை பெறாத பாலியல் குற்றவாளிகள் மறுபடி குற்றம் புரியும் விகிதம் 80 விழுக்காடுவரை இருக்கலாம் என்று நீதிபதி கென்னடி எழுதினார். அந்த எண்ணின் ஊற்றைத் தேடிப் போனவர்கள், அரசுக் கையேடு ஒன்றின் வழியாக, 1986இல் சைக்காலஜி டுடே என்ற பொதுவாசிப்பு இதழில் வந்த கட்டுரையில் போய் நின்றார்கள். எழுதியவர்கள் சிறைச் சிகிச்சைத் திட்டத்தில் பணியாற்றியவர்கள். எண்ணுக்கு ஆதாரமாக எந்தத் தரவும் அங்கே இல்லை. 2005இல் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்த பாலியல் குற்றவாளிகளை மத்திய நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, மறுபடி பாலியல் வன்முறைக்காகக் கைதானவர்கள் 7.7 விழுக்காடு. இதில் ஒரு எச்சரிக்கையும் தேவை. புகாராகாத குற்றங்கள் இந்த எண்ணில் வராது. கேள்வித்தாளை மூடிய அந்தப் பெண்ணைப் போன்றவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. மேலும் உரிமையியல் காவலுக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் சராசரிக்கு மேலே ஆபத்தானவர்கள். ஆனாலும் எண்பதுக்கும் எட்டுக்கும் இடையில் இருக்கும் தூரம், ஒரு மனிதரின் எஞ்சிய ஆயுள்.

ஆபத்தை அளப்பதற்கென்று ஸ்டாட்டிக்-99 என்ற ஓர் அட்டவணையைப் பயன்படுத்துகிறார்கள். பத்துக் கேள்விகள்: வயது என்ன, முன்பு எத்தனை குற்றம், பாதிக்கப்பட்டவர் உறவினரா அந்நியரா, ஆணா, துணை ஒருவருடன் இரண்டு ஆண்டாவது சேர்ந்து வாழ்ந்ததுண்டா. வாகனக் காப்பீட்டு நிறுவனம் சந்தா நிர்ணயிப்பதுபோல ஒரு மதிப்பெண் வரும். பெயரிலேயே இருப்பதுபோல, இவற்றில் பெரும்பாலானவை மாறாதவை. பதினைந்து ஆண்டுகள் வட்டத்தில் உட்கார்ந்து அழுதாலும் இந்த மதிப்பெண் அசையாது. மூப்பு ஒன்றே அதைக் குறைக்கும். சிகிச்சை உண்மையிலேயே பயன் தருகிறதா என்ற கேள்விக்கும் நேரான பதில் இல்லை. 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2002ஆம் ஆண்டு ஆய்வொன்றில் சிகிச்சை பெற்றவர்களிடம் மறுகுற்றம் 12.3 விழுக்காடு, பெறாதவர்களிடம் 16.8. ஆனால் கலிபோர்னியாவின் அடாஸ்கடேரோ மருத்துவமனையில் முன்வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் செய்த, இத்துறையின் மிக நேர்த்தியான சோதனையின் இறுதி முடிவு 2005இல் வந்தபோது, இரு பிரிவுக்கும் மொத்தத்தில் வேறுபாடில்லை. சிகிச்சையின் இலக்குகளை உண்மையாக எட்டியவர்கள் மட்டும் குறைவாகவே திரும்பினார்கள். பயன் கொஞ்சம் உண்டு, எல்லாருக்கும் இல்லை என்பதே நான் எடுத்துக்கொண்டது.

மினசோட்டாவில் இந்த ஏற்பாடு எங்கே போய் முடியும் என்பதைப் பார்க்கலாம். 2003இல், சிறையிலிருந்து வெளிவந்து ஆறு மாதங்களே ஆன ஒருவர் கல்லூரி மாணவி ஒருவரைக் கடத்திக் கொன்றார். அதன் பிறகு எந்த அதிகாரிக்கும் யாரையும் விடுவிக்கும் துணிவு வரவில்லை. மூஸ் லேக், செயின்ட் பீட்டர் ஆகிய இடங்களில் உள்ள காவல் மையங்களில் எழுநூறுக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 1,20,000 டாலர் செலவானது, சிறையைவிடக் குறைந்தது மூன்று மடங்கு. 2015இல் நீதிபதி டோனவன் ஃபிராங்க் இத்திட்டம் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தபோது, இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒருவர்கூட முழு விடுதலை பெற்றிருக்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் அத்தீர்ப்பை ரத்துசெய்தது. ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக ‘வாசிகள்’ மூப்படைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஊரில் இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது, நம்மிடம் குண்டர் சட்டம் இல்லையா என்றார். உண்மைதான். 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 2014இல் பாலியல் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். பொள்ளாச்சி வழக்கிலும் அது பாய்ந்தது. அதன்மீது எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு என்றாலும், அது பன்னிரண்டு மாதத்தில் முடிகிறது. அதற்கு யாரும் சிகிச்சை என்று பெயர் சூட்டுவதுமில்லை.

என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். சிலரை நெடுங்காலம், சிலரை வாழ்நாள் முழுவதும் வெளியே விடாமல் இருப்பது தேவையாகலாம். அப்படியானால் கனடாவில் செய்வதுபோல, தண்டனை விதிக்கும் கட்டத்திலேயே ‘ஆபத்தான குற்றவாளி’ என்று வாதாடி, எதிர்வாதம் கேட்டு, அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். சிகிச்சையையும் அன்றே தொடங்க வேண்டும். பேசுவதைக் கேட்கும் மருத்துவரும், பேசியதை வைத்து வழக்காடும் நிபுணரும் ஒரே கோப்பைப் படிக்கக் கூடாது. அதே கனடாவில் 1994இல் ஹாமில்டன் நகரில், எவரும் சேர்க்க விரும்பாத ஒருவர் சிறையிலிருந்து வந்தபோது, மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சபையின் போதகர் ஒருவர் தன் சபையினர் சிலரைச் சேர்த்து அவரைச் சுற்றி ஒரு வட்டம் அமைத்தார். கடைக்குக் கூட்டிப்போனார்கள், தினமும் தொலைபேசியில் கேட்டார்கள், பொய் சொன்னால் முகத்துக்கு நேரே கேட்டார்கள். பின்னர் பல ஊர்களுக்குப் பரவிய முறை அது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு.

நம்பிக்கை உண்டு என்று எழுதிவிட்டு, கடந்த ஆண்டு நடந்ததையும் எழுதாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். நிபந்தனைகளுடன் விடுவிக்கப்படும் சிலரைத் தங்கவைக்க, எங்கள் வட்டாரத்தில் ஒரு வீடு பார்த்திருப்பதாகத் தகவல் வந்தது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நிற்கவும் இடமில்லை. ஒலிவாங்கிக்கு முன் இருந்த நீண்ட வரிசையில் நானும் போய் நின்றேன். கையில் குறிப்புகள்கூட இருந்தன, 7.7 என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், தன் ஒன்பதாவது வயதில் நடந்ததை முதல் முறையாக வெளியே சொல்கிறேன் என்று தொடங்கினார். அவர் பேசி முடித்ததும் நான் வரிசையைவிட்டு விலகி, மனைவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரத்தில் எதிர்ப்பு மனுவின் தாள் எங்கள் பெஞ்சுக்கு வந்தது. நான் கையெழுத்திடாமல் அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.